வாடைக்காற்றில் மூடிய வலக்கண்

பொன்னையா சிவனாண்டி (1957–2023).

தருவைகுளம் கடற்கரையில் மீன் ஏலம் கூறியவர். பிறந்தது ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே, பனங்காட்டுக்குள் ஒரு சிற்றூர். தந்தையார் கடற்கரையில் பலசரக்குக் கடை வைத்தபோது உடன் வந்தவர்; கடையோடு வளர்ந்து கடையிலேயே நரைத்திருக்க வேண்டியவர். 1989ஆம் ஆண்டு ஊர்க் கமிட்டியார் கடை வாசலுக்கு வந்து அவரை ஏலம் கூற அழைத்தார்கள். அவருடைய குரலைக் கேட்டு வந்தவர்கள் அல்லர். அந்தக் கத்தோலிக்க மீனவ ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. பெண் கொடுத்தவர், எடுத்தவர், பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் என்று வள்ளக்காரர்களும் வியாபாரிகளும் பின்னிக் கிடந்தார்கள். யார் ஏலம் கூறினாலும், மச்சானுக்குச் சாய்ந்துவிட்டான் என்ற பேச்சு மறுநாளே எழுந்தது. வேற்றூர்க்காரரும் வேற்று மதத்தவருமான சிவனாண்டிக்கு அந்தக் கரையில் மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது.

"உமக்குச் சாயிறதுக்கு இங்கன ஆளே இல்ல அண்ணாச்சி. அதான் உம்மக் கூப்பிடுதோம்" என்றார்கள்.

தம் வாழ்நாளில் கேட்ட பெரும் பாராட்டாக அவர் அதைக் கொண்டார்.

அந்தக் கரையின் ஏலமுறை வெளியூரார்க்கு எளிதில் பிடிபடாது. வள்ளத்திலிருந்து இறங்கும் மீன் மணலில் குவியல் குவியலாகப் போடப்படும். கூறுபவர் கடலுக்கு முதுகு காட்டி, மேற்கு நோக்கி நிற்பார். வியாபாரிகள் அரைவட்டமாகச் சூழ்ந்திருப்பார்கள். அவர்களுள் எவரும் வாய் திறந்து விலை கேட்பதில்லை. கேட்டால், பக்கத்திலிருப்பவன் வீம்புக்கு ஏற்றிவிடுவான். ஒருவர் காதைத் தொடுவார். ஒருவர் புருவத்தைத் தூக்குவார். ஒருவர் பீடியை வாயின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மாற்றுவார். அந்தக் குறிப்பைக் கூறுபவரின் கண் மட்டும் பிடிக்க வேண்டும். பிடித்த கணமே விலையை ஏற்றிக் கூற வேண்டும். குறிப்புக் கொடுத்தவர் யார் என்பது அவர் முகத்தில் தெரியவே கூடாது. பார்க்கலாம், முகத்தால் பதில் சொல்லக் கூடாது. அதுதான் சட்டம். சிவனாண்டியின் முகத்தைச் 'சுண்ணாம்பு அடிச்ச சுவரு' என்று இளவட்டங்கள் கேலி செய்தன. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

அந்தச் சுவரில் 2017ஆம் ஆண்டின் தை மாதத்தில் விரிசல் கண்டது.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். மேலுதட்டின் வலப்புறம் எறும்பு ஊர்வது போன்ற ஒரு குறுகுறுப்பு. அடுத்த நொடியில், பழுக்கக் காய்ச்சிய தூண்டில் முள்ளைக் காதோரத்தில் மாட்டித் தாடை வரைக்கும் சுண்டி இழுத்தது போல் ஒரு வலி. வாளியைத் தட்டிவிட்டுத் தரையில் அமர்ந்துவிட்டார். எழுவதற்குள் வலி போய்விட்டது. போன சுவடே இல்லை. வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. கண்ணாடியில் பார்த்தார், முகம் வழக்கம் போலவே இருந்தது. அன்றைக்கே அது மறுபடியும் வந்தது.

பல்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் நம்பினார். தூத்துக்குடிக்குப் போய் மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வலி நிற்கவில்லை. பக்கத்துப் பல்லையும் கொடுத்தார். அப்போதும் நிற்கவில்லை.

"பல்லுப் போயிட்டு, வலி போகலயே. அந்த ஆளு வலியப் புடுங்காமப் பல்லயில்லா புடுங்கிட்டான்" என்றாள் மனைவி வடிவம்மாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்க வந்தாள். துணி கன்னத்தில் படுமுன்பே அவர் அலறினார். அதன் பிறகு அவரைத் தொட அவள் அஞ்சினாள்.

வலி வரும் நேரத்தைவிட, வராத நேரமே அவரை அதிகம் அலைக்கழித்தது. ஒரு வாய்ச் சோறு, ஒரு கொட்டாவி, முகத்தில் பறந்து மோதும் ஓர் ஈ, எதுவும் அதை எழுப்பக்கூடும். உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போவார். போன வேகத்தில் திரும்புவார். இடப்புறமாகவே மென்றார். வலக்கன்னத்தில் சவரம் செய்வதை விட்டார்; ஒருபக்கத் தாடி அசிங்கமாகத் தெரியவே மறுபக்கத்தையும் வளரவிட்டார். மாலையில் கடற்கரையோரமாகத் தெற்கே நடப்பார். திரும்பும்போது வாடைக்காற்று எதிர்முகமாக வீசும் என்பதால் வீடுகளுக்கு இடையே நுழைந்து சுற்றிக்கொண்டு வருவார்.

ஏலம் கூறும் இடத்தில் மட்டும் அவருக்கு ஒளிய வழியில்லை. மேற்கு நோக்கி நிற்பவரின் வலக்கன்னம் வடக்கே இருக்கும். வாடைக்காற்று நேராக அதில்தான் அறையும். அதே வடபுறத்தில் ஐஸ் வண்டி நிற்கும். அதன் அருகே, ஒரு மீன் கம்பெனிக்குக் கொள்முதல் செய்யும் ஜெபின் நிற்பான்.

ஏலத்தின் நடுவே உதட்டில் அந்த எறும்பு ஊரத் தொடங்கினால் அவருக்கு ஒரே எண்ணம்தான்: முகம் கோணுவதற்குள் முடித்துவிட வேண்டும். "ஒரு தரம்" என்பதை இழுத்துச் சொல்பவர், மீதி இரண்டையும் ஒரே மூச்சில் கொட்டுவார். "மூணு தரம்" என்று உதட்டைக் குவிக்கையில் வலி பாயும். வலக்கண் இறுக மூடும். வாய் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு நொடிதான். இன்னும் ஏற்றிக் கேட்க இருந்தவர்கள் திகைத்து நிற்க, குவியல் கடைசியாகக் குறிப்புக் கொடுத்தவருக்குப் போய்விடும். ஏலத்தில் முந்திக்கொண்டு கேட்பது ஜெபினின் வழக்கம். ஆகவே பல குவியல்கள் அவனுக்கே போயின.

வருத்தத்தோடு பார்த்தவர்கள் பிறகு கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். கண் சிமிட்டலும் ஏலம் முடிவதும் ஒன்றாகவே நிகழ்கின்றன; சிமிட்டும் கண் ஜெபினை நோக்கிய கண். குறிப்பாலேயே வாழும் கூட்டத்துக்கு வேறு என்ன தோன்றும்?

வாய்விட்டுக் கேட்டவள் டெல்பின். கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அவன் விட்டுச்சென்ற வள்ளத்தைத் தம்பிமாரைக் கொண்டு ஓட்டிவந்தவள். 2018 டிசம்பர் மாதத்தில் ஒருநாள் அவளுடைய சீலா மீன் குவியல் பாதி விலைக்கு ஜெபினிடம் போயிற்று. நேரே வந்து சிவனாண்டியின் முன் நின்றாள்.

"ஓய் அண்ணாச்சி, இத்தன வயசுக்கு மேல ஜெபினுக்குக் கண்ணடிக்க ஆசை வந்துட்டோ? அடிக்கதுதான் அடிக்கீரு, என் மீன வச்சா அடிக்கணும்?"

சுற்றியிருந்தவர்கள் சிரிக்கவில்லை. அது அவரை அச்சுறுத்தியது.

"வர்ற ஞாயித்துக்கெழம பூசைக்கப்புறம் கமிட்டி கூடட்டும். அங்கன வந்து பதில் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நடந்ததைக் கேட்ட வடிவம்மாள், மறுநாளே அவரைத் தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பல் பிரிவுக்கு அனுப்பப் பார்த்தவர்களிடம், "இனிப் புடுங்க அந்தப் பக்கத்துல ஒண்ணும் பாக்கியில்ல" என்று சொல்லி, நரம்புப் பிரிவின் முன்னால் அவரை உட்கார வைத்தாள்.

மருத்துவர் பூமா, ஆழ்வார்திருநகரி ஆசிரியர் குடும்பத்துப் பெண். "எந்த இடத்தில் தொட்டால் வலி வருகிறது? விரலால் காட்டுங்கள்" என்றார்.

சிவனாண்டி ஆள்காட்டி விரலை உயர்த்தினார். விரல் மேலுதட்டுக்குச் சற்று முன்பாகவே நின்றுவிட்டது.

"தொடாமல் காட்டுகிறீர்கள் பாருங்கள், அதுவே பாதி பதில்" என்றார் பூமா. "இதற்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர். முகத்துக்கு வருகிற நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது. மூளையிலிருந்து அது புறப்படுகிற இடத்தில் ஒரு ரத்தக் குழாய் உரசுகிறது போலிருக்கிறது. தோல் உரிந்த ஒயரைத் தொட்டால் அடிக்குமே, அந்த மாதிரி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து உறுதி செய்யலாம்."

"அப்போ அந்தப் பல்லு ரெண்டும்?" என்றாள் வடிவம்மாள்.

பூமா அவள் பக்கம் திரும்பினார். "நல்ல பற்களாகத்தான் இருந்திருக்கும் அம்மா."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். தலைசுற்றும், தூக்கம் வரும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று எச்சரித்தார். இரண்டு நாளில் வலி கண்ணுக்குத் தெரிந்து அடங்கியது. சிவனாண்டி வெகுகாலத்துக்குப் பின் வலப்புறமாக மென்று சோறு உண்டார். வடிவம்மாள் எதிரே அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வலைக்கூடத்தில் கமிட்டி கூடியது. தலைவர் ஜேசுபாதம், நிதானமான மனிதர். "கண்ணடிச்சீரா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இல்ல."

"பின்ன கண்ணு ஏன் மூடுது?"

"நரம்பு வலி. டாக்டரம்மா சொல்லியாச்சு. அது வந்தா கண்ணு தன்னால மூடிக்கிடும்."

"வலி வந்தா ஜெபின் நிக்க பக்கத்துக் கண்ணுதான் மூடுமோ?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது. ஜெபின் எழுந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மாதா மேல் ஆணையிட்டான். அவன் ஆணையிட்டதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

டெல்பின் கையை உயர்த்தினாள். "எதுக்கு வீண் பேச்சு? நாளைக்கு ஜெபின் தெக்க போயி நிக்கட்டும். வடக்க நான் நிக்கேன். வியாவாரிய ஒருத்தரும் அங்கன நிக்கப்படாது. அண்ணாச்சி கண்ணு எங்கன போவுதுன்னு எல்லாரும் பாப்போம்."

ஜேசுபாதம் அதையே முடிவாக அறிவித்தார். நியாயமான முடிவு என்று சிவனாண்டியும் தலையசைத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாதித் தெருவில், அவருக்கு அது உறைத்தது, அப்படியே நின்றுவிட்டார்.

மாத்திரை வேலை செய்கிறது. நாளைக்கு வலி வராது. வலி வராவிட்டால் கண் மூடாது. ஜெபினை இடம் மாற்றியதும் கண் சிமிட்டல் நின்றுபோயிற்று என்று ஊர் சொல்லும். முகம் சுவராக இருந்தால் அவர் திருடர், கோணினால்தான் யோக்கியர்.

அன்று மாலை மாத்திரையை அவர் விழுங்கவில்லை. மறுநாள் காலையும் தொடவில்லை. வடிவம்மாள் கிணற்றடிக்கு வந்தபோது கண்ணாடியை மரத்தில் மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். வலக்கன்னத்துத் தாடி முழுதும் போயிருந்தது. கண்ணில் நீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, கத்தியை மறுபடியும் மேலுதட்டில் வைத்தார்.

"என்னங்க செய்யுதீங்க? பேய் புடிச்சிட்டா?"

"அது வரணும் வடிவு. இன்னைக்கு வந்தே ஆகணும்."

அவள் அவருடைய மழித்த கன்னத்தைப் பார்த்தாள். பிறகு, "சவரம் பண்ணுன முகத்துல காத்து நல்லாப் படும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து நீட்டினாள்.

கரையில் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். மீன் வாங்காதவர்களும் வந்திருந்தார்கள். ஜெபின் தெற்கே ஒதுங்கி நின்றான். வடக்கே டெல்பின் இடுப்பில் கைவைத்து நின்றாள். சிவனாண்டி முதல் குவியலைக் கூறினார். பாறை மீன். ஒன்றும் நிகழவில்லை. இரண்டாவது குவியல் சூரை. கன்னத்தைக் காற்றுக்கு நன்றாகத் திருப்பிக் காட்டினார். காலையில் சவரக் கத்தியின் அடியில் வெட்டி வெட்டி இழுத்த வலி, இப்போது அழைக்க அழைக்க வராமல் எங்கோ பதுங்கிக்கொண்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சிவனாண்டி கால் மாற்றி நின்றார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். தாம் இந்த நோயைக் கெஞ்சிக்கொண்டிருப்பது அவருக்கே விசித்திரமாக இருந்தது.

மூன்றாவது, டெல்பினுடைய வள்ளத்துச் சீலா.

விலை ஏறிக்கொண்டே போயிற்று. காது, புருவம், பீடி, மறுபடியும் காது. "ஒரு தரம்" என்றார். எவரும் அசையவில்லை. "ரெண்டு தரம்" என்றபோது வாடைக்காற்று ஒருமுறை சுழன்று அடித்தது.

உதட்டில் எறும்பு ஊர்ந்தது. மறுகணம் தூண்டில் முள் மாட்டி இழுத்தது. வலக்கண் இறுக மூடியது. வாய் கோணியது. கண் மூடிய திசையில் டெல்பின் நின்றிருந்தாள்.

தெற்கேயிருந்து ஜெபின் கத்தினான்: "டெல்பினக்கா! அண்ணாச்சி இன்னைக்கு உங்களயில்லா கண்ணடிக்காரு!"

சிரிப்பு வெடித்தது. வள்ளத்தில் இருந்தவர்கள் கூடச் சிரித்தார்கள். சிவனாண்டி வழக்கம் போல் "மூணு" என்று பாய்ந்து முடிக்கவில்லை. ஒளிக்க இனி ஒன்றுமில்லை. வலக்கையை உயர்த்தி, கன்னத்தில் படாமல் அதற்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றார். வலி போய், மறுபடியும் வந்தது. நீர் வழிந்து மோவாயில் சொட்டியது. எல்லாரிலும் அருகில் நின்றவள் டெல்பின். அந்த முகத்தை அவ்வளவு நெருக்கத்தில் அவள் அதுவரை கண்டதில்லை.

"ஏலே, சிரிக்காதீங்கலே!" என்று கூட்டத்தை அதட்டினாள். "அவருக்கு உசிரு போவுது."

சிரிப்பு அடங்கியது. ஒரு வியாபாரியும் குறிப்புக் கொடுக்கவில்லை, ஒருவரும் நகரவில்லை. வலி விலகியதும் சிவனாண்டி கையைத் தாழ்த்தி, நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தார்: "ரெண்டு தரம்." எங்கோ ஒரு புருவம் உயர்ந்தது. விலை ஏறியது. அதன் பிறகே மூன்றாம் தரம் கூறி முடித்தார்.

முடிந்ததும் டெல்பினிடம் சொன்னார்: "நான் கண்ணடிக்கல. ஆனா உன் குவியல அவசரப்பட்டு முடிச்சது நெசம். முகம் கோணுறத யாரும் பாத்துரக் கூடாதுன்னு முடிச்சேன். அதுல உனக்கு நட்டம்தான்."

"நட்டம் எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தீரே, அது எவ்வளவு பெரிய நட்டம்?" என்றாள் அவள். பிறகு ஜேசுபாதத்தின் பக்கம் திரும்பினாள். "தலைவரே, இனி அண்ணாச்சி கையத் தூக்குனா வெல அங்கனயே நிக்கட்டும். கை எறங்குன பொறவு கேக்கட்டும். ஒத்துக்கிடுதியளா?"

அப்படியே வழக்கமாயிற்று. வெளியூர் வியாபாரிகள் வந்து, இவர் ஏன் நடுவில் கையைத் தூக்குகிறார் என்று கேட்டால், "பொறுங்க, வெல நிக்குது" என்று பக்கத்திலிருப்பவர்கள் சொன்னார்கள்.

நோய் அதனால் அவரை விட்டுவிடவில்லை. மாத்திரைக்கும் கண்ணுக்கும் இடையே ஓயாத இழுபறி. மாத்திரையைக் கூட்டினால் வலி ஒடுங்கும். பார்வை ஒரு தப்படி பின்தங்கி வரும். குறைத்தால் கண் கூர்மையாகும். வாய் திறக்க முடியாது. ஒவ்வொரு விடியலிலும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நடப்பார், பாதியாக ஒடிப்பார், மீதியைச் சட்டைப்பையில் போடுவார், பிறகு அதையும் எடுத்துப் பார்ப்பார். மதுரைக்குப் போய் அறுவை செய்துகொள்ளலாம் என்றார் பூமா. மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாம் என்று இவர் நினைத்தார். 2020இல் தடைக்காலம் வந்தபோது கொரோனாவால் ஊரே அடைந்து கிடந்தது. அடுத்த ஆண்டும் தள்ளிப் போயிற்று. அதற்கடுத்த ஆண்டில், வலக்காது கேளாமல் போகவும் சிறிது வாய்ப்புண்டு என்று கேட்டுவிட்டு, யோசிக்கிறேன் என்று திரும்பி வந்தார். அந்த யோசனை முடியவேயில்லை. 2023இல் மாரடைப்பு வந்து அவரைக் கொண்டுபோனது.

அதற்கு முந்தைய ஆண்டு, வாடை தொடங்கிய நாட்கள். மாத்திரை மறுபடியும் கூட்டப்பட்டிருந்தது. ஒரு சனிக்கிழமைக் காலையில் சூரைக் குவியலொன்றைக் கூறி முடித்துத் திரும்பியபோது ஜெபின் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்:

"அண்ணாச்சி, நான் புருவத்தத் தூக்குனேன்."

"எப்போ?"

"ரெண்டாந் தரத்துக்கப்புறம். திருப்பியும் தூக்குனேன். நீங்க என்னயப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க." அவர் முகம் போன போக்கைக் கண்டு பதறினான். "பரவால்ல, விடுங்க. ஒருத்தரும் பாக்கல."

"ஒருத்தரும் பாக்கலன்னா, பின்ன நான் எதுக்கு இங்கன நிக்கேன்?"

ஐஸ் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மறுபடியும் நடந்தார். பிறகு ஜேசுபாதத்திடம் போய், நடந்ததைச் சொல்லி, நாளை முதல் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுமாறு சொன்னார்.

"மாத்திரையக் கொஞ்சம் கொறைச்சுப் பாருமே."

"கொறைச்சா கையத் தூக்குவேன், நீங்க நிப்பீங்க. அது சரி. கூட்டுனா கண்ணுக்குத் தப்புதே, அதுக்கு எவன் நிப்பான்? அந்தக் காலத்துல என்னயக் கூப்பிட்டப்போ சாயிறதுக்கு ஆளில்லன்னுதான் கூப்பிட்டாங்க. பாக்காம விடுததும் ஒரு சாய்வுதான் தலைவரே."

அதற்குள் டெல்பினின் குரல் கேட்டது.

"பேசி முடிச்சாச்சா? என் வள்ளத்துச் சீலா வெயில்ல கெடக்கு. வேற ஆளு நாளைக்குத்தான? இன்னைக்கு நீரே கூறிட்டுப் போவும்."

சிவனாண்டி கடலுக்கு முதுகு காட்டி நின்றார். காற்று வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முகத்தையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் விலையை ஏற்றினார். நடுவில் ஒருமுறை கை உயர்ந்தது, கரை அசையாமல் நின்றது, கை இறங்கியது. அந்தச் சீலாக் குவியலுக்கு மூன்றாம் தரம் கூறி முடித்ததே அவர் கூறிய கடைசி ஏலம். நாள்: 2022 நவம்பர் 5, சனிக்கிழமை.